மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வராதீர்கள்

தொழில் கடன் கேட்டு வங்கிக்குப் போகிறவர்களுக்குத் திட்ட அறிக்கை எழுதிக் கொடுப்பது என் வேலை. போன வாரமும் ஒரு தம்பி வந்தார். திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டாயிற்று, யூடியூபில் பார்த்த பாக்குமட்டைத் தட்டு மெஷினுக்கு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. ஓட்டுகிற தட்டு முழுவதையும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று மெஷின் விற்றவர் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். வங்கிக்குத் திட்ட அறிக்கை போடுவது மட்டும்தான் பாக்கி. மட்டை எங்கிருந்து வரும் என்று கேட்டேன். "அதையும் அவங்களே குடுப்பாங்க சார்." மட்டையும் அவர்களுடையது, வாங்குவதும் அவர்கள் என்றால் தம்பி பார்க்கப்போவது கூலி வேலை. அதையும் சொந்தக் கடனில் பார்க்கப்போகிறார்.

வளர்த்துக் கொடுங்கள், நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று ஜனங்களிடம் பணம் வாங்கிய பெருந்துறைப் பக்கத்து ஈமு கோழிக் கம்பெனிகள் 2012இல் எப்படி முடிந்தன என்று நம்மூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் 'திரும்ப எடுத்துக்கொள்கிறோம்' என்ற அதே பத்திரம் இன்றைக்கும் வேறு வேறு பொருளின் பெயரில் என் மேஜைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

இதைவிட எனக்கு எரிச்சல் மூட்டுவது இன்னொன்று. "யாருமே செய்யாத தொழிலா ஒண்ணு சொல்லுங்க" என்பார்கள், குரலைத் தணித்துக்கொண்டு. யாரும் செய்யாத தொழிலைத் தேடாதீர்கள். ஒரு ஊரில் ஒன்றை யாருமே செய்யவில்லை என்றால், பெரும்பாலும் யாரோ செய்து பார்த்துவிட்டுக் கடையைச் சாத்தியிருப்பார்கள். ஜனங்கள் ஏற்கெனவே காசும் நேரமும் கொட்டி எதைச் சமாளித்துக்கொண்டிருக்கிறார்களோ, அங்கேதான் தொழில் இருக்கிறது. கோயமுத்தூரில் கிரைண்டர் வந்தபோது இட்லி புதுசா? வீட்டுக்கு வீடு ஆட்டுக்கல் கிடந்தது, தினமும் ஒருத்திக்குக் கை வலித்தது. பொள்ளாச்சியில் நார் மில்லுக்கு வெளியே மலை மாதிரிக் குவிந்து கிடந்த தென்னைநார்த் தூள் மில்காரருக்குப் பெரிய இம்சை. அதன் உப்பைக் கழுவி, காயவைத்து, கட்டியாக அழுத்தியவர்கள் இன்று கப்பலேற்றுகிறார்கள். (அந்த உப்பைக் கழுவுவதில்தான் பாதித் தொழில் இருக்கிறது. அதை எந்த வீடியோவிலும் சொல்ல மாட்டார்கள்.)

சோமனூர்ப் பக்கம் ஒருவரை எனக்குத் தெரியும். தறி ஓட்டிக்கொண்டிருந்தவர். தறியில் பாவு, அதாவது நீளவாட்டில் ஓடும் நூல், தீர்ந்துவிட்டால் பழைய பாவின் இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும், ஆயிரக்கணக்கில். பிணைக்கிற ஆள் வருகிறவரை தறி நிற்கும். தறிக்காரர் ஒரு பக்கம் போனில் கத்திக்கொண்டிருப்பார், ஓட்டுகிறவருக்கு அன்றைய கூலி போகும். ஆள் வராமல் நின்ற தறிகளை இவர் கொஞ்ச நாள் ஒரு நோட்டில் எழுதி வைத்தார்: யாருடைய தறிக் குடோன், எத்தனை மணி நேரம் நின்றது, கடைசியில் என்ன கொடுத்து ஆள் பிடித்தார்கள். அப்புறம்தான் இழை பிணைக்கும் மெஷின் ஒன்றைப் பழையதாக வாங்கி, அதைத் தூக்கிக்கொண்டு குடோன் குடோனாகப் போக ஆரம்பித்தார். அந்த நோட்டை என்னிடம் காட்டினார். நான் எழுதிய எந்த அறிக்கையிலும் 'சந்தை வாய்ப்பு' பக்கம் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. எங்கள் அறிக்கையின் அந்தப் பக்கத்தில் வழக்கமாக என்ன இருக்கும்? முதல் வருஷம் மெஷின் திறனில் 60 சதவீத உற்பத்தி, அடுத்து 70, அடுத்து 80. தேங்காய் எண்ணெய்க்கும் அதே அட்டவணை, பேப்பர் கப்புக்கும் அதே அட்டவணை.

ஆகவே, கேட்டுப் பாருங்கள். ஆனால் "இப்படி ஒண்ணு வந்தா வாங்குவீங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். நம்மூரில் யாரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "நல்லாருக்குங்க தம்பி, செய்யுங்க" என்று சொல்லி ஒரு டம்ளர் காபியும் கொடுப்பார்கள். அது மரியாதை, ஆர்டர் இல்லை. "இப்ப இதுக்கு என்னங்க பண்றீங்க? போன தடவை எவ்வளவு செலவாச்சு?" என்று கேளுங்கள். பதில் சொல்ல யோசிக்கிறார்கள் என்றால் அது அவர்களுக்குத் தொந்தரவே இல்லை, விட்டுவிடுங்கள். தேங்காய் போட ஆள் கிடைப்பதில்லையே என்று தோப்புக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் நிறுத்தச் சொல்கிறவரை பேசுவார். அங்கே உட்கார்ந்து கேளுங்கள்.

ஐடியாவை வெளியே சொன்னால் திருடிவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். எல்லாருக்கும் அவரவர் வேலையே தலைக்கு மேல் கிடக்கிறது.

சரி, மானியம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டம் போடலாம். மானியம் 15 முதல் 35 சதவீதம், ஆளையும் இடத்தையும் பொறுத்தது. அந்தப் பணம் உங்கள் கைக்கு வராது, மூன்று வருஷம் வங்கியிலேயே டெபாசிட்டாகக் கிடக்கும். கடன் தவணை அதற்காகக் காத்திருக்காது. மானியம் கிடைக்கிறது என்பதற்காகத் தொழில் தேடுகிறவர்கள் தயவுசெய்து வேறு ஆபீஸ் பாருங்கள்.

முதல் மெஷின் பழையதாகவோ வாடகைக்கோ இருக்கட்டும். அது கிடைக்காவிட்டால் வேறொருவர் யூனிட்டில் கூலிக்கு ஓட்டி வாங்கி விற்றுப் பாருங்கள். அப்பாவின் தோட்டத்துப் பத்திரத்தை முதல் கடனுக்கே எடுத்து வராதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் வரும்போது மெஷின் கொட்டேஷன் வேண்டாம். உங்களுக்கு ஒரு தடவையாவது காசு கொடுத்த மூன்று பேரின் போன் நம்பரோடு வாருங்கள். அவர்களிடம் நானே பேசிக்கொள்கிறேன்.