ஒரு பள்ளம், இரண்டு சுவர்கள், ஓர் ஊசி

இடப்பக்க ஸ்பீக்கருக்கு ஓர் ஒலி, வலப்பக்கத்துக்கு வேறோர் ஒலி. இசைத்தட்டின் மேல் ஓடுவதோ ஒரே ஓர் ஊசி. வயலின் ஒரு பக்கமும் மிருதங்கம் மறுபக்கமுமாகப் பிரிந்து கேட்பது எப்படி? ஒலிநாடாவில் இந்தச் சிக்கல் இல்லை. அகலத்தைப் பங்கிட்டு இரண்டு தடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பதித்துவிடலாம். தட்டிலும் அப்படிச் செய்து பார்த்தவர் உண்டு. 1952இல் எமரி குக் என்ற அமெரிக்க ஒலிப்பதிவாளர் ஒரே தட்டில் இரண்டு தனித்தனிப் பள்ளங்களை வெட்டி விற்றார். கவை போன்ற கையில் இரண்டு ஊசிகளைப் பொருத்தி, இரண்டையும் ஒரே சமயத்தில் சரியான இடத்தில் இறக்க வேண்டும். ஊசி சற்று விலகினாலும் இடதும் வலதும் ஒன்றையொன்று துரத்த ஆரம்பித்துவிடும். அந்த முறை நிலைக்காததில் வியப்பில்லை.

வியப்பு என்னவென்றால், சரியான விடை அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே காப்புரிமை ஏட்டில் இருந்தது. ஆலன் பிளம்லைன் என்ற இங்கிலாந்துப் பொறியாளர், இ.எம்.ஐ. நிறுவனத்தில் பணிபுரிந்தபோது 1931 டிசம்பரில் அதை எழுதிக்கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 28. எடிசன் 1877இல் செய்த ஃபோனோகிராஃபில் ஊசி மேலும் கீழும் ஆடியது. அடுத்த பத்தாண்டில் பெர்லினர் கொண்டுவந்த கிராமஃபோனில் அது பக்கவாட்டில் ஆடியது. எது சிறந்தது என்று இரு தரப்பும் பல ஆண்டுகள் மல்லுக்கட்டின. பிளம்லைன் இரண்டையும் ஒரே பள்ளத்துக்குள் கொண்டுவந்தார்.

பள்ளத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில ‘வி’ எழுத்து போல இருக்கும். இரண்டு சுவர்களும் தட்டின் பரப்புக்கு 45 பாகை சாய்ந்தவை. ஒன்றுக்கொன்று 90 பாகை. தட்டின் மையத்துக்கு அருகிலுள்ள சுவரில் இடப்பக்க ஒலி பதிகிறது. வெளிவிளிம்பை ஒட்டிய சுவரில் வலப்பக்க ஒலி. ஒரு சுவர் தன் சாய்வுக்குச் செங்குத்தாக ஊசியைத் தள்ளும்போது, அந்த அசைவு மற்றச் சுவரின் வழியாகச் சறுக்கிப் போகும், அதைச் சீண்டாது. செங்கோணத்தின் பலன் இதுதான். இரு பக்கமும் ஒரே ஒலி என்றால், இரு தள்ளல்களும் கூடி ஊசியைப் பக்கவாட்டில் மட்டும் ஆட்டும்படி வெட்டப்படுகிறது. நடுவில் நிற்கும் பாடகரின் குரல் இப்படித்தான் பதிகிறது. இரு பக்கங்களுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே மேலும் கீழுமான அசைவாகிறது. ஒரே ஒலித்தடம் கொண்ட பழைய மோனோ தட்டுகளில் பக்கவாட்டு அசைவு மட்டுமே பதிந்திருந்தது என்பதால், அவற்றைப் புதிய ஸ்டீரியோ கருவி தடையின்றிப் பாடியது. இந்த நேர்த்தியை நான் எந்த ஆம்ப்ளிஃபையரிலும் கண்டதில்லை.

1934இல் லண்டன் ஆபி ரோடு அரங்கில் தாமஸ் பீச்சம் நடத்திய மோட்ஸார்ட் ஒத்திகையை இந்த முறையில் பதிவுசெய்தும் பார்த்தார்கள். பிறகு ரேடார் பணிக்குப் போன பிளம்லைன், 1942இல் சோதனை விமானம் விழுந்து இறந்தார். ஸ்டீரியோ தட்டு கடைக்கு வந்தது 1957–58இல்.

ஊசியின் அசைவு மின்சாரமாவது ஃபாரடே விதிப்படி. வைர முனை ஒரு மெல்லிய தண்டின் நுனியில் இருக்கிறது; தண்டின் மறுமுனையில் ஒரு குட்டிக் காந்தம். காந்தம் ஆடும்போது, ‘வி’ வடிவில் சாய்ந்து நிற்கும் இரண்டு கம்பிச்சுருள்களிலும் மின்னழுத்தம் பிறக்கிறது. ஒவ்வொரு சுருளும் தன் திசையிலான அசைவை மட்டும் பொறுக்கிக்கொள்ளும். கிடைப்பது சுமார் 5 மில்லிவோல்ட். சி.டி. பிளேயர் தருவது ஏறக்குறைய 2 வோல்ட். அதாவது 400 மடங்கு. டர்ன்டேபிளை நேராக ‘ஆக்ஸ்’ துளையில் செருகினால் கொசு முனகுவதுபோல் கேட்பதற்கு இது பாதிக் காரணம்.

மீதிக் காரணம் இன்னும் சுவையானது. பதிவில் உள்ள இசை, மேடையில் இருந்த விகிதத்தில் தட்டில் இருப்பதே இல்லை. வெட்டும் ஊசியின் வேகம் மாறாமல் இருந்தால், 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது 1000 ஹெர்ட்ஸுக்கு ஆடுவதைப்போல 20 மடங்கு தூரம் ஆட வேண்டும். ஒரு கனத்த டிரம் அடி அடுத்த சுற்றின் பள்ளத்தையே உடைத்துவிடும். ஆகவே வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைக்கிறார்கள். உயர்ந்த ஒலிகளைக் கூட்டுகிறார்கள். 20 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபல் குறைவு, 20,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபல் கூடுதல். இரு முனையிலும் பத்து மடங்கு. கேட்கும்போது ஆம்ப்ளிஃபையரின் ‘ஃபோனோ’ மின்சுற்று இதைத் தலைகீழாக்குகிறது. உயர்ந்த ஒலியைக் குறைக்கையில் தட்டின் கரகரப்பும் சேர்ந்து குறைகிறது. 1954இல் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான ஆர்.ஐ.ஏ.ஏ. இந்த வளைகோட்டை வகுத்தது. அதற்குமுன் நிறுவனத்துக்கு ஒரு வளைகோடு. பழைய தட்டுகள் சில காதைக் கிழிப்பதும் சில மந்தமாகக் கேட்பதும் பெரும்பாலும் இதனால்தான். பாடியவர்மேல் பழி போட வேண்டாம்.

பள்ளத்தின் இன்னொரு குறை வடிவியல் சார்ந்தது, அதற்கு மருந்தில்லை. தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சீராகச் சுழல்கிறது. வெளிவிளிம்பில் பள்ளம் ஊசியின் கீழே விநாடிக்கு அரை மீட்டர் ஓடுகிறது. உள்ளே, லேபிளுக்கு அருகில், 20 சென்டிமீட்டர் சொச்சம்தான். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளியே சுமார் 50 மைக்ரான் நீளத்தில் தாராளமாகப் படுத்திருக்கும். உள்ளே 20 மைக்ரானில் நெருக்கியடித்துக் கிடக்கும். சாதாரண உருண்டை ஊசியின் முனை ஆரமே சுமார் 15 மைக்ரான். பெரிய வண்டிச் சக்கரம் சிறு குழியில் இறங்காமல் மேலேயே உருண்டு போவதுபோல், முனை அலையின் அடிவரை போகாது. கடைசிப் பாட்டில் ‘ஸ்’, ‘ஷ்’ ஒலிகள் பிசிறடிப்பது இதனால். பள்ளத்தோடு தொடும் பக்கம் மெலிந்த நீள்வட்ட ஊசி, இந்தச் சிக்கலில் நன்றாகவே உதவும். ஆயிரக்கணக்கில் கேபிள் வாங்கும் நண்பர்கள் அந்தப் பணத்தை ஊசியில் போடலாம்.

ரவேலின் ‘பொலெரோ’வுக்கு இது பெரிய அநியாயம். மெல்லிய டிரம்மில் தொடங்கி, கால் மணி நேரம் ஏறிக்கொண்டே போய், முழு ஆர்கெஸ்ட்ராவும் முழங்கும் உச்சத்தில் முடிகிற படைப்பு அது. அமைதியான தொடக்கத்துக்குத் தட்டின் சிறந்த இடம். முழக்கத்துக்கு மோசமான இடம். உள்ளிருந்து வெளிப்புறமாக ஓடும் தட்டுகளைச் சிலர் வெட்டியதும் இதற்காகத்தான். தனி ஆவர்த்தனம் ஒரு பக்கத்தின் கடைசியில் அமைந்தாலும் இதே கதை: மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலிப் பக்கமான தொப்பியின் கும்கி பிழைக்கும், உயர்ந்த ஒலிப் பக்கமான வலந்தலையின் கூர்மை மழுங்கும்.

இடமும் சிக்கனமாகவே கிடைக்கும். ஒரு பக்கம் 22 நிமிடம் என்றால் 733 சுற்று. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே பத்தில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம். சத்தம் கூடினால் பள்ளம் அகலமாக ஆடும், நேரம் குறையும். வெட்டும் எந்திரம், நாடாவில் அடுத்து வரப்போகும் இசையைச் சற்று முன்னதாகவே கேட்டு, இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு அதனால் வந்தது. 1970களின் நடுவில் நியூயார்க் டிஸ்கோ உலகம் வேறு வழி கண்டது: 12 அங்குலத் தட்டில் ஒரே ஒரு பாட்டு. கனத்த பாஸுக்கு, அதாவது தாழ்ந்த ஒலிக்கு, இடம் தாராளம். பாஸை இரு பக்கமும் சமமாக்கி நடுவில் வைப்பதும் வெட்டுபவர்களின் வழக்கம். வித்தியாசம் பெரிதானால் ஊசி மேலெழும்பிப் பள்ளத்தை விட்டே குதிக்கும். டெலார்க் நிறுவனம் வெளியிட்ட சாய்கோவ்ஸ்கியின் ‘1812’ தட்டில், பீரங்கி வெடிக்கும் இடங்களில் பள்ளம் கோணுவது வெறுங்கண்ணுக்கே தெரியும். ஊசியைத் தூக்கி எறிவதில் அது பேர்பெற்றது.

துல்லியப் போட்டி என்று வந்தால் தட்டு தோற்கும். 16 பிட் சி.டி.யில் உரத்த ஒலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 96 டெசிபல். நல்ல தட்டில் 60, 70. இடது-வலது பிரிவு 30 டெசிபல் கிடைத்தால் நல்ல கார்ட்ரிட்ஜ் (ஊசி, காந்தம், சுருள்கள் அடங்கிய சிறு கூடு) என்பார்கள். அப்படியும் ஒரே ஆல்பத்தின் எல்.பி. சில சமயம் சி.டி.யைவிட மூச்சுவிட்டுக் கேட்கும். 1990களிலிருந்து பல சி.டி.க்களை, மெல்லியதையும் உரத்ததையும் ஒரே மட்டத்துக்கு நசுக்கி, உரக்க உரக்கத் தயாரித்தார்கள். அது தயாரித்தவரின் தேர்வு. டிஜிட்டலின் குறை அல்ல.

தட்டு தேயக்கூடாது என்று ஊசியின் எடையைக் கார்ட்ரிட்ஜ் குறிப்பேடு சொல்வதைவிடக் குறைத்து வைப்பவர்கள் பலர். நேர்மாறான பலனே கிடைக்கும். எடை போதாத ஊசி உரத்த இடங்களில் சுவரை விட்டு எழும்பி, திரும்ப வந்து மோதும். அப்படி மோதும்போது வைரத்துக்கு ஒன்றும் ஆகாது, சேதம் வினைலுக்குத்தான். 2 கிராம் என்று எழுதியிருந்தால் 2 கிராமே வையுங்கள்.