பாலாடையும் ஆர்க்டிக் பனியும்

காய்ச்சிய பாலை ஆறவிட்டால் மேலே ஆடை படிகிறது. அதன் ஓரத்தில் விரலை வைத்து மெல்லத் தள்ளினால் மடிந்து மடிந்து சுருங்கும். இழுத்தால் கிழிந்து, இடையில் பால் தெரியும். ஆர்க்டிக் கடலின்மேல் மிதக்கும் பனியும் ஏறக்குறைய இப்படித்தான். காற்று நெருக்கும்போது பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மேடாகின்றன. விலக்கும்போது அதிக எதிர்ப்பில்லாமல் பிளந்து, கீழே கிடக்கும் கருநீரைத் திறந்துவிடுகின்றன.

தள்ளினால் எதிர்ப்பதும் இழுத்தால் பிளந்துவிடுவதுமான இந்தக் குணத்தைக் கணினியில் ஓடவைக்கும் வேலையில் பல ஆண்டுகளைச் செலவிட்டவர் எலிசபெத் ஹங்கி. கணிதம் படித்தவர். அவர் பணியாற்றிய லாஸ் அலமோஸ் ஆய்வகம் இருப்பது கடலே இல்லாத நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஒரு மலைமேட்டில். அணுகுண்டு உருவான அதே இடம்தான்.

பனி பிளந்தால் என்ன என்று கேட்கலாம். குளிர்காலத்தில் மேலே காற்று மைனஸ் 30 டிகிரியில் இருக்கும். கீழே கடல்நீர் மைனஸ் 1.8 டிகிரியில், உறையும் விளிம்பில் நிற்கும். நடுவே இரண்டு மூன்று மீட்டர் பனி கம்பளிபோல் போர்த்தியிருக்கும்வரை கடலின் வெப்பம் மிகக் குறைவாகவே கசிகிறது. விரிசல் விழுந்த இடத்திலோ உலை கொதிப்பதுபோல் ஆவி எழும்புகிறது. வெப்பம் பல மடங்கு வேகத்தில் வெளியேற, அங்கே புதுப்பனி கட்டுகிறது. நீர் உறையும்போது உப்பின் பெரும்பகுதி பனியில் தங்காமல் கீழே வடிகிறது. உப்பேறிக் கனத்த அந்த நீர் கீழிறங்குகிறது. ஆழ்கடல் நீரோட்டங்களை நடத்தும் காரணங்களில் இதுவும் ஒன்று. பனியை அசையாத மூடியாக வைத்துக்கொண்டு கடலைக் கணக்கிட்டால், கணக்கு முதலடியிலேயே தவறிவிடும்.

பனியின் அசைவுக்கு உருப்படியான சமன்பாடு ஒன்றை 1979இல் தந்தவர் பனி ஆய்வாளர் வில்லியம் ஹிப்ளர். நெருக்கும் விசை ஒரு வரம்பைத் தொடும்வரை பனி விறைத்து நிற்கும். தொட்டதும் நொறுங்கி நகரும். விறைத்து நிற்பதைக் கணக்கில் எழுத வழி வேண்டுமே! அதை மிக மிகக் கெட்டியான பாகு ஊர்வதாக அவர் வைத்துக்கொண்டார். சிக்கலும் அங்கேயே வந்தது. அவ்வளவு கெட்டியான பொருளில் ஒரு மூலையில் விழும் தள்ளல் மறுமூலை வரை உடனே தெரியும். ஆகவே கடலைப் பிரித்த எல்லாக் கட்டங்களுக்கும் விடையைச் சேர்த்தே தேட வேண்டும். 1990களில் பல செயலிகள், அதாவது கணக்கிடும் சில்லுகள், கடலைப் பங்குபோட்டுக் கணக்கிடும் இயந்திரங்கள் வந்தபோது, ஒவ்வொரு செயலியும் மற்றவற்றுக்காகக் காத்துக் கிடந்தது.

1997இல் ஹங்கியும் அவருடைய சக ஆய்வாளர் ஜான் டுகோவிச்சும் பனிக்குக் கொஞ்சம் மீள்தன்மை கொடுத்தார்கள், ரப்பருக்கு இருப்பதைப் போல. இப்போது விசை அலையாகி, ஒரு கட்டத்திலிருந்து பக்கத்துக் கட்டத்துக்குக் கைமாறிப் போகும். ஒவ்வொரு செயலியும் அண்டை வீட்டாரிடம் மட்டும் விசாரித்தால் போதும். உதாரணமாக, ஒரு மணி நேரத்தை 120 சிறு துண்டுகளாக வெட்டிக் கணக்கிட்டால், அதற்குள் அந்த அலைகள் அடங்கி, ஹிப்ளரின் விடைக்கு அருகில் பனி வந்து நிற்கும். துண்டுகள் போதாவிட்டால் அலையின் மிச்சம் விடையில் தங்கிவிடும். பிறகு வந்தவர்கள் அதைச் சரிசெய்ய உழைத்தார்கள். இந்த மீள்தன்மை ஆர்க்டிக்கில் அளந்து எடுத்ததல்ல, கணக்கு நடப்பதற்காகச் சேர்த்தது. இல்லாத ஒன்றைச் சேர்த்து, அது விடையைக் கெடுக்காமல் தானே மறையும்படி அமைத்ததை நான் மிக அழகான கணிதமாகக் கருதுகிறேன்.

இந்த முறை லாஸ் அலமோஸில் உருவான 'CICE' என்ற கணினி மாதிரியில் சேர்ந்தது. ஆங்கிலத்தில் அப்பெயரை, கடற்பனி என்ற பொருள் தரும் 'சீ ஐஸ்' என்றே உச்சரிப்பார்கள். கடலைப் பிரித்த கட்டங்களில் ஒன்றில் பாதி நான்கு மீட்டர் பனி, பாதி வெறும் நீர் என்றால் சராசரி இரண்டு மீட்டர். ஆனால் சீராக இரண்டு மீட்டர் பனி கிடக்கும் கட்டமும் இதுவும் ஒன்றாகுமா? வெப்பத்தில் பெரும்பகுதி அந்த வெறும் பாதி வழியாக அல்லவா ஓடிவிடும்! அதனால் இந்த மாதிரி ஒரே கட்டத்துக்குள் மெல்லிய பனி, தடித்த பனி என்று பல தடிமன்களைத் தனித்தனியே வைத்துக் கணக்கிடுகிறது. காலநிலை ஆய்வாளர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்கக் கடற்படையின் பனி முன்கணிப்பிலும் இது இருக்கிறது.

ஹங்கி பின்னர் கோடைக்காலக் குட்டைகளைக் கையிலெடுத்தார். வெயிலில் உருகும் நீர் பனிமேல் நீலக் குட்டைகளாகத் தேங்குகிறது. வெண்பனி திருப்பி அனுப்பும் வெயிலை அந்த நீர் உறிஞ்சிக்கொள்வதால் உருகுதல் இன்னும் விரைகிறது. அந்த நீர் எங்கே தேங்கும்? மேடுகளில் நிற்காது, சமதளப் பனியில்தான் பரவும். எவ்வளவு பனி மேடாக நிற்கிறது, எவ்வளவு சமதளமாகக் கிடக்கிறது என்பதையோ முந்தைய மாதங்களின் காற்று பாளங்களை நெருக்கித் தள்ளி முடிவு செய்துவிட்டிருக்கிறது.