ஐந்து நிபுணர்கள் இருந்தும் ஆள் இல்லை

பேச்சுப் பயிற்சிக்காக என்னிடம் வரும் பெற்றோர் பலருடைய கையில் தடிமனான கோப்பு ஒன்று இருக்கும். குழந்தைநல மருத்துவரின் குறிப்பு, காது பரிசோதனை முடிவு, பிசியோதெரபிஸ்ட் எழுதிக்கொடுத்த பயிற்சிகள், உளவியல் ஆலோசகரின் அறிக்கை, பாலர் பள்ளி ஆசிரியையின் கடிதம் என எல்லாம் அதில் உண்டு. அவற்றை எழுதியவர்கள் தங்களுக்குள் ஒருமுறைகூடப் பேசியிருக்க மாட்டார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சொல்லும் வேலை, தூக்கம் கெட்ட ஓர் அம்மாவின் தலையில் விழுந்திருக்கும். நிபுணர்கள் போதவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் இருக்கும் இடங்களிலும் உதவி வீணாகிறது என்றால், முதல் காரணம் இதுதான் என்பேன்.

இரண்டரை வயதுக் குழந்தை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பன்னிரண்டு சொற்களுக்கு மேல் பேசுவதில்லை. பெயர் சொல்லி அழைத்தால் சில நாள் திரும்புகிறது, சில நாள் திரும்புவதில்லை. நினைத்தது நடக்காவிட்டால் தரையில் புரண்டு அழுகிறது. பாலர் பள்ளிக்கு இது அடம். உறவினருக்கு, செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளை. இணையத்தில் தேடினால் ஆட்டிசம். நடுக்காதில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றியிருக்காது. சளி பிடிக்கும்போதெல்லாம் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கும் குழந்தைக்குக் கேட்கும் திறன் வாரத்துக்கு வாரம் மாறும். பெரும்பாலும் வலி இருக்காது, சீழ் வடியாது. பிறந்தபோது எடுத்த காது பரிசோதனையில் தேறிய குழந்தைக்கும் இது பின்னால் வரலாம். காதைப் பார்க்காமலேயே பேச்சுப் பயிற்சியைத் தொடங்குவது என் துறையில் இன்னும் நடக்கிறது. அதைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான். அதே சமயம், காதில் நீர் இருப்பது தெரிந்தவுடன் எல்லாப் பழியையும் அதன்மேல் போட்டுவிடுவதும் தவறு. காது பிரச்சினையும் ஆட்டிசமும் ஒரே குழந்தைக்கு இருக்க முடியும். காது மருத்துவர் கண்டதையும், நான் கண்டதையும், ஆசிரியை வகுப்பில் கண்டதையும் சேர்த்து வைத்துப் படித்தால்தான் எது எவ்வளவு என்று தெரியும்.

பிறவியிலேயே கேட்கும் திறன் குறைந்த குழந்தைகளுக்கு 1-3-6 என்றொரு கணக்கு உண்டு. பிறந்து 1 மாதத்துக்குள் முதல் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், 6 மாதத்துக்குள் உதவியைத் தொடங்குதல். ஒவ்வொரு படியிலும் அதற்கான ஆட்கள் இருக்கிறார்கள். குழந்தைகள் கைநழுவுவது படிகளுக்கு நடுவில். முதல் பரிசோதனையில் தேறாத குழந்தையின் பெற்றோரிடம் "கொஞ்சநாள் கழித்து மறுபடி வாருங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். வந்தார்களா என்று பார்ப்பது யாருடைய வேலை? பல இடங்களில் அது யாருடைய வேலையும் இல்லை.

"ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்", "அவன் அப்பாவும் நான்கு வயதில்தான் வாய் திறந்தார்" என்ற ஆறுதல்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். சில குழந்தைகள் தாமாகவே எட்டிப் பிடித்துவிடுவார்கள், மறுக்கவில்லை. அது எந்தக் குழந்தை என்று முன்கூட்டிச் சொல்ல நம்பகமான வழி கிடையாது. ஒரு வயது முடிந்தும் மழலை ஒலிகளோ, விரல் நீட்டிக் காட்டுவதோ, கையசைப்பதோ இல்லை. 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை. 2 வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலே பரிசோதனைக்குப் போக வேண்டும். வந்த பேச்சு நின்றுபோனால், எந்த வயதானாலும் உடனே. (குறைமாதக் குழந்தை என்றால் இரண்டு வயது வரை, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து வயதைக் கணக்கிடுங்கள்.) குறைக்கு ஒரு பெயர் கிடைக்கட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். குழந்தையின் பார்வை போகும் பக்கம் பார்த்துப் பேசவும், அது எழுப்பும் ஒலிக்குப் பதில் தரவும் பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்க, நோயின் பெயர் தேவையில்லை.

ஒருங்கிணைப்பு என்றதும் பெரிய கூட்டம், நீண்ட மேசை என்று நினைக்கத் தோன்றும். அடிப்படையில் தேவை இரண்டே: ஒரே திட்டம், அதற்குப் பொறுப்பான ஒரே ஆள். அமெரிக்காவில் 1986-இல் வந்த ஒரு சட்டத் திருத்தம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதைத்தான் வகுத்தது. திட்டம் குடும்பத்துக்கென எழுதப்படுகிறது. குடும்பம் எதைப் பற்றிக் கவலைப்படுகிறது, எதை முதலில் விரும்புகிறது என்பதும் அதில் இடம்பெற வேண்டும். ஒருங்கிணைப்பாளர் யார் என்று குறிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது திட்டத்தை மறுபடி பார்க்க வேண்டும். அந்த ஒருங்கிணைப்பாளர் பெரிய நிபுணராக இருக்க வேண்டிய அவசியமில்லை என்பது என் கருத்து. குடும்பம் தயங்காமல் தொலைபேசியில் அழைக்கக்கூடியவராக இருந்தால் போதும்.

ஒரே திட்டமாக எழுத உட்கார்ந்தால்தான் சில அபத்தங்கள் கண்ணில் படும். நான் தினமும் இருபது நிமிடப் பயிற்சி கொடுத்திருப்பேன். பிசியோதெரபிஸ்ட் அரைமணி, உண்பது, உடுப்பது போன்ற அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அரைமணி. தனித்தனியாகப் பார்த்தால் நியாயம். கூட்டிப் பார்த்தால், வேலைக்குப் போய்வரும் பெற்றோருக்கு முடியாத காரியம். அப்போதுதான், உடை மாற்றும் நேரத்திலேயே கை தூக்கும் பயிற்சியும் "கை", "சட்டை" என்ற சொற்களும் சேர்ந்து வரட்டும் என்று முடிவெடுக்கிறோம். முரணான அறிவுரைகளும் வெளியே வரும். வேண்டியதைப் படங்களைக் காட்டிக் கேட்கக் குழந்தையைப் பழக்கினால் பேச்சு வராது என்று ஒருவர் பயமுறுத்தியிருப்பார். வீட்டில் இரண்டு மொழி பேசுவதால்தான் தாமதம் என்று இன்னொருவர் சொல்லியிருப்பார். இரண்டுக்கும் ஆதாரமில்லை.

அம்மாவின் மனச்சோர்வு, கவனிப்பாரற்ற மூத்த குழந்தை, கடன் நெருக்கடி ஆகியவை எந்தத் துறையின் படிவத்திலும் கேட்கப்படுவதில்லை. ஆனால் பயிற்சி பாதியில் நிற்பது பெரும்பாலும் இவற்றால்தான். அந்தக் குடும்பங்களை "ஒத்துழைக்காதவர்கள்" என்று கோப்பில் எழுதிவிடுகிறோம். 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 23-ஆவது பிரிவு, மாற்றுத்திறன் கொண்ட குழந்தையோடு அதைப் பராமரிப்பவர்களுக்கும் உதவி சேர வேண்டும் என்கிறது. "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க ஐந்து நிமிடம் போதும். கேட்டதைப் பிறரிடம் சொல்வதானால் அந்தக் குடும்பத்தின் சம்மதம் வேண்டும்.

இப்படி ஓர் ஏற்பாடு இல்லாத இடத்தில் இருக்கும் பெற்றோருக்கு: குழந்தைக்கு என்ன வருகிறது, என்ன வரவில்லை, யார் என்ன சொன்னார்கள் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, சந்திக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு நகல் கொடுங்கள். வீட்டில் இயல்பாக விளையாடும்போது கைபேசியில் எடுத்த இரண்டு நிமிட வீடியோ, அறைக்குள் மிரண்டு உட்காரும் குழந்தையைவிட எங்களுக்கு அதிகம் சொல்லும். "மற்றவர்களோடு நீங்கள் பேசுவீர்களா, அவர்களுடைய எண்ணைத் தரட்டுமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். சிலர் முகம் சுளிக்கலாம். பள்ளியில் சேர்க்கும் ஆண்டில் இன்னும் கவனம் தேவை. பழைய ஆட்கள் விலகி, புதியவர்கள் எதுவும் தெரியாமல் வரும் காலம் அது. சேர்க்கைக்குச் சில மாதங்களுக்கு முன்பே வகுப்பாசிரியரையும் இதுவரை பயிற்சி தந்தவர்களில் ஒருவரையும் சந்திக்க வைத்துவிடுங்கள். பள்ளி திறந்த பிறகு இருவருக்கும் நேரம் கிடைக்காது.