சப்ளை செயின்: சங்கிலியா, தொடரா?

மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில் ஓர் இறக்குமதிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான் என் அக்கா மகன். அங்கே வெளியிலிருந்து ஆலோசகர்கள் வந்து உட்கார்ந்து மூன்று வாரம் ஆகிறதாம். ‘சப்ளை செயின்’, ‘டிரான்ஸ்ஃபர்மேஷன்’ இரண்டைத் தவிர வேறு சொல்லே காதில் விழவில்லையாம். “இதுக்குத் தமிழ்ல என்ன மாமா?” என்றான். வீட்டில் நாங்கள் பேசுவது இந்தத் தீவின் மொழியான கிரியோல்தான். ஆனால் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறவன் என்பதால் இப்படிப்பட்ட வழக்கெல்லாம் என்னிடம்தான் வரும்.

பத்திரிகைகளில் பார்த்த நினைவில் ‘விநியோகச் சங்கிலி’ என்று சொல்லிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகு அது உறுத்த ஆரம்பித்தது.

முதலில் பொருள். மொரீஷியஸில் நாம் சாப்பிடும் அரிசி பெரும்பாலும் கடல் தாண்டி வருவது. எங்கோ ஒரு வயலில் அறுத்த நெல் ஆலைக்குப் போய், மூட்டையாகி, கப்பலேறி, இங்கே சுங்கம் தாண்டி, கிடங்கில் கிடந்து, காமியோனில் (லாரியில்) ஏறி, தெருமுனை லாபுட்டிக்கை (கடையை) அடைந்து நம் உலையில் விழுகிறது. சரக்கு இந்தப் பக்கம் வர, பணம் அந்தப் பக்கம் போகிறது. “எத்தனை மூட்டை, எப்போது?” என்ற தகவல் இரண்டு பக்கமும் ஓடுகிறது. இந்த ஓட்டம் முழுவதற்கும் பெயர்தான் சப்ளை செயின்.

அதோடு ‘மேனேஜ்மெண்ட்’ சேர்த்துப் பரப்பியவரே ஓர் ஆலோசகர். பூஸ் ஆலன் ஹாமில்டன் நிறுவனத்தின் கீத் ஆலிவர் 1982 ஜூனில் ஃபைனான்ஷியல் டைம்ஸ் பேட்டியில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். ஆக, என் மருமகன் ஆபீசுக்கு வந்தவர்கள் விற்பது அவர்கள் வீட்டுச் சரக்குதான்!

‘சப்ளை’யின் வேர் லத்தீன். குறைந்த இடத்தை நிரப்புவது என்று பொருள். இலங்கைப் பொருளியல் பாடநூல்களில் அதனால்தானோ என்னவோ ‘கேள்வியும் நிரம்பலும்’ என்று எழுதுகிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் அது ‘தேவையும் அளிப்பும்’. இங்கே நம் காதுக்குப் பழகிய பிரெஞ்சுச் சொல் ‘அப்ரொவிசியொன்மான்’. அதன் அடியில் இருப்பது முன்கூட்டிப் பார்த்தல். மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். தீவில் இருப்பவனுக்கு முன்கூட்டிப் பார்க்காமல் முடியாது.

விநியோகம் என்றால் பகிர்ந்து கொடுப்பது. கிடங்கு வாசலில் நின்று வெளியே மட்டும் பார்க்கிற சொல். கொள்முதல் அதற்குள் வராது. மருமகன் கம்பெனியின் தலைவலி முழுக்க வாங்குகிற பக்கத்தில். அதற்குப் போய் விநியோகம் என்று பெயர் வைக்கலாமா?

‘வழங்கல்’ பொருந்துகிறது. தமிழ்நாட்டில் ரேஷன் கார்டு வைத்திருக்கிறவர்களுக்கு ‘குடிமைப்பொருள் வழங்கல்’ புதிதல்ல. வழங்குதல் கொடுப்பது மட்டுமும் அல்ல. நடமாடுவதும், இடைவிடாமல் நடந்துவருவதும் வழங்குதல்தான். “வானின் றுலகம் வழங்கி வருதலால்” என்ற குறளில் உலகம் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை, மழையால் நடந்துகொண்டிருக்கிறது. இந்த ஓட்டமும் அதற்குள் வந்துவிடும்.

செயினுக்குச் சங்கிலி என்பது நேர்ச்சொல்தான், தப்பில்லை. வடமொழி சிருங்கலா பிராகிருதம் வழியாக வந்தது. ஆனால் சங்கிலிக்குத் தமிழில் அதைவிடப் பழைய பெயர் ‘தொடர்’. சோழன் சிறையில் கிடந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை தன்னைத் “தொடர்ப்படு ஞமலி”, சங்கிலியில் கட்டிய நாய், என்று நொந்து பாடியது புறநானூறு 74. இன்றைக்கு அதே சொல் தொடர்கதையிலும் மலைத்தொடரிலும் இருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக வருவது என்ற பொருளும் கூடிவிட்டது. அதனால் என் ஓட்டு ‘வழங்கல் தொடர்’.

இந்தத் தொடரில் கண்ணிகளைவிடக் கண்ணிகள் சேரும் இடம்தான் தகராறு. ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனி ஒருமுறை தன் பாம்பர்ஸ் டயப்பர் விற்பனையை ஆராய்ந்தது. குழந்தைகள் நனைப்பது ஒரே சீராகத்தான். கடையில் விற்பதும் அவ்வளவாக மாறவில்லை. ஆனால் மொத்த வியாபாரியின் ஆர்டர் ஏறி இறங்கியது. கம்பெனி தன் மூலப்பொருளுக்குக் கொடுத்த ஆர்டர் இன்னும் மோசமாகக் குதித்தது. எல்லோரும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கொஞ்சம் கூட்டிச் சொல்வதால் வருவது. சாட்டையைப் பிடித்த கை லேசாக அசைந்தால் நுனி பறக்கும் அல்லவா? ‘சாட்டை விளைவு’ என்றே சொல்லலாம்.

நம் ஊரிலும் கோவிட் வந்த 2020 மார்ச்சில் அந்த ‘எதற்கும் இருக்கட்டும்’ கூட்டத்தைப் பார்த்தோம். சூப்பர் மார்க்கெட்டுகளையே மூடினார்கள். ஏப்ரல் 2-இல் திறந்தபோது குடும்பப் பெயரின் முதலெழுத்துப்படி நாள் ஒதுக்கினார்கள். பிள்ளை என்று பெயர் இருப்பவர்களுக்குப் புதனும் சனியும்.

‘டிரான்ஸ்ஃபர்மேஷன்’ உருமாற்றம். அதை ‘மறுசீரமைப்பு’ என்றால் யாரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்றுதான் கேட்பார்கள். வாங்குகிறவருக்கு மலிவாக முழுக் கண்டெய்னர் வேண்டும், கிடங்குக்காரருக்குக் காலி இடம் வேண்டும், விற்கிறவருக்கு எல்லாமே கையிருப்பில் வேண்டும். ஆளுக்கொரு கணக்கு. அதை ஒரே கணக்காக்கி, யார் எதை முடிவு செய்வது என்பதை மாற்றினால்தான் அந்தப் பெயருக்குத் தகும். புது சாஃப்ட்வேர் போட்டுவிட்டுப் போவதை நான் உருமாற்றம் என்று சொல்லமாட்டேன்.

‘கன்சல்டிங்’கிற்கு ஆலோசனை போதும். நல்ல பழந்தமிழ்ச் சொல் ‘சூழ்ச்சி’. “சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்” என்ற குறளில் அது ஆராய்ந்து பார்ப்பதுதான். ஆனால் ‘வணிகச் சூழ்ச்சியாளர்’ என்று கார்டு அடித்தால் யார் வேலை கொடுப்பார்கள்?

எல்லாவற்றையும் எழுதிக்கொண்ட மருமகன், “அப்புறம் ‘ஓட்டிஃப்’னு ஒண்ணு சொல்றாங்களே” என்றான். ‘ஆன் டைம், இன் ஃபுல்’ என்பதன் சுருக்கம்; சப்ளை செயின் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கும் அளவுகோல் அது. “சொன்ன நாளில், சொன்ன அளவில்” என்று எழுதிக்கொள் என்றேன்.

“அதைக் கப்பல்காரங்ககிட்ட சொல்லிப் பாருங்க மாமா” என்று சிரித்தான்.