பல்தொடக்க வட்டு: 'பூட்' என்ற சொல் வந்த வழி

ஒரே வட்டில் இரண்டு மூன்று இயங்குதளங்களை ஏற்றி வைத்து, கணினியில் எதையும் நிறுவாமல், வேண்டியதைத் தேர்ந்து ஓட்டிப் பார்க்கும் ஏற்பாட்டை மல்டிபூட் லைவ் சிடி என்கிறோம். வன்தட்டில் விண்டோஸும் லினக்ஸும் பக்கத்தில் பக்கத்தில் குடியிருக்கும் டூயல் பூட் வேறு. அங்கே இரண்டும் நிறுவப்பட்டவை. இங்கே வட்டை வெளியே எடுத்துவிட்டால் கணினி பழையபடி இருக்கும்.

இந்தப் பெயரில் அதிகம் குழப்புவது 'பூட்'. இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளிடம் பூட் என்றால் காரின் பின்பெட்டிதான் நினைவுக்கு வரும், சென்னைக்காரர் டிக்கி என்பாரே, அது. ஆனால் கணினிச் சொல் பிறந்தது கால் பூட்ஸில். பூட்ஸின் பின்புறம் இழுத்து மாட்டிக்கொள்ள ஒரு வார் இருக்கும், அதன் பெயர் பூட்ஸ்ட்ராப். அந்த வாரைப் பிடித்துத் தன்னைத் தானே மேலே தூக்கிக்கொள்வது என்பது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் நடக்காத காரியத்துக்கான கேலிப்பேச்சு.

1950களில் கணினிக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மின்சாரம் போட்டவுடன் கணினியின் நினைவகம் வெறுமையாக இருக்கும். ஒரு நிரலைப் படிக்க வேண்டுமென்றால் படிக்கச் சொல்லும் நிரல் ஒன்று முன்பே உள்ளே இருக்க வேண்டும். ஐபிஎம் 701 கணினியில் பொத்தானை அழுத்தினால் முதல் துளையட்டையில் உள்ள சில கட்டளைகள் மட்டும் உள்ளே போகும். அவை அடுத்ததைப் படிக்கும், அது அதற்கடுத்ததை. தன்னைத் தானே தூக்கிக்கொண்டதுபோல் ஆயிற்றா, பூட்ஸ்ட்ராப் என்றார்கள். பிறகு வால் அறுந்து பூட் ஆனது. ஐபிஎம் மட்டும் தன் பெரிய கணினிகளில் இதை 'முதல் நிரல் ஏற்றம்' என்ற பொருள்படும் வேறு பெயரால் அழைத்தது. மொழிபெயர்க்க அதுதான் நேர்மையான பெயர், ஆனால் உலகம் பூட்ஸையே விரும்பியது.

தமிழில் பூட் என்று எழுதினால் இன்னொரு சங்கடம். 'கணினியைப் பூட்டினேன்' என்றால் சாவி போட்டுவிட்டேன் என்றுதானே படிப்போம்? வேடிக்கை என்னவென்றால், பூட்டுக்குத் தமிழில் எதிர்ப்பக்கமும் உண்டு. ஏர் பூட்டுவது, வண்டி பூட்டுவது, வில்லில் நாண் பூட்டுவது எல்லாம் ஓட்டத்துக்கு ஆயத்தம் செய்வதுதான். இதை வைத்து 'பூட் தமிழ்ச்சொல்லே' என்று யாராவது கிளம்பினால் நம்ப வேண்டாம். ஒலி ஒத்துப்போனது தற்செயல்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பூட்ஸையும் வாரையும் விட்டுவிட்டு, நடக்கும் காரியத்தைப் பார்த்தால் 'தொடக்கம்' போதும். பூட் டிஸ்க் தொடக்க வட்டு, இயங்குதளத்தை நினைவகத்தில் ஏற்றிவிடும் பூட்லோடர் தொடக்க ஏற்றி, மல்டிபூட் பல்தொடக்கம். பழைய புணர்ச்சி விதிப்படி பஃறுளி ஆறு போலப் பஃறொடக்கம் என்று எழுத வேண்டும், எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். சிடிக்கு இலங்கையில் இறுவட்டு, தமிழ்நாட்டில் குறுவட்டு. பொதுவாக வட்டு என்றால் இரு பக்கத்தாருக்கும் புரியும்.

வட்டிலிருந்து தொடங்குவது எப்படி என்று தெரிந்தால் சொல் இன்னும் தெளிவாகும். சிடியில் கோப்புகளை அடுக்கும் ஐஎஸ்ஓ 9660 நெறிமுறை 1988இல் வந்தது. வட்டிலிருந்து கணினியைத் தொடங்குவது எப்படி என்று அது விவரிக்கவில்லை. 1995இல் ஃபீனிக்ஸும் ஐபிஎம்மும் அதன்மேல் எல் டோரிட்டோ என்ற இணைப்பு நெறியைக் கொண்டுவந்தன. கலிஃபோர்னியாவில் அந்தப் பெயருள்ள உணவகத்தில் உட்கார்ந்து பேசி உருவாக்கியதால் அந்தப் பெயர் என்று ஒரு கதை. ஸ்பானிய மொழியில் அது சின்னக் காளை. (ஏர் பூட்டக் காளையும் கிடைத்துவிட்டது!)

எல் டோரிட்டோவின்படி வட்டின் 17ஆம் பகுதியில் ஒரு குறிப்பு இருக்கும். அது தொடக்கப் பட்டியல் எங்கே இருக்கிறது என்று, கணினி விழித்ததும் முதலில் ஓடும் உள்நிரலான பயாஸுக்குக் காட்டும். ஆரம்பத்தில் பெரும்பாலான வட்டுகள் நெகிழ்வட்டு வேடம் போட்டன. 1.44 எம்பி அளவுள்ள நெகிழ்வட்டு நகலைப் பயாஸ் நிஜ நெகிழ்வட்டு ஓட்டியாக (ஏ டிரைவாக) எண்ணி ஓட்டும். இந்த 1.44 எம்பி நெகிழ்வட்டைத் தென்னாப்பிரிக்காவில் பொதுவாக யாரும் ஃப்ளாப்பி என்று சொன்னதில்லை. அதன் உறை விறைப்பாக இருப்பதால் இங்கே அது ஸ்டிஃபி. பழைய, பெரிய, வளையும் வட்டுக்குத்தான் ஃப்ளாப்பி. தமிழில் இரண்டுமே நெகிழ்வட்டு, அதில் பாதி பொய். பின்னால் வேடம் எதுவும் போடாமல் தொடக்க ஏற்றியை நேரே நினைவகத்தில் ஏற்றும் முறைதான் நிலைத்தது.

தொடக்கப் பட்டியலில் ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகள் இருக்கலாம் என்று நெறி சொல்கிறது. அப்படியானால் பல்தொடக்கம் சுலபம்தானே? இல்லை. பெரும்பாலான பயாஸ்கள் முதல் பதிவை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கண்டுகொள்வதில்லை. அதனால் முதல் பதிவில் ஐசோலினக்ஸ் அல்லது கிரப் போன்ற ஒரே ஏற்றியை வைத்து, அது திரையில் ஒரு பட்டியைக் காட்டும்படி செய்கிறார்கள். நீங்கள் தேர்ந்த இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னலையும், கூடவே ஒரு சின்னத் தொடக்கக் கோப்பு முறைமையையும் நினைவகத்தில் போட்டுவிட்டு ஏற்றி விலகிக்கொள்ளும். ஆக, வட்டில் பல இயங்குதளம் உண்டு, தொடக்கம் என்னவோ ஒன்றுதான். பல்தொடக்கம் என்ற பெயரும் மல்டிபூட் போலவே கொஞ்சம் மிகைதான்.

சிக்கல் வருவது அதற்குப் பிறகு. விழித்த கெர்னல் தன் மீதி உடம்பை வட்டில் தேடும். லினக்ஸ் வகைகளில் உபுண்டு காஸ்பர் என்ற அடைவையும் (கோப்புறையையும்), நாப்பிக்ஸ் தன் பெயரிலேயே உள்ள அடைவையும், டெபியன் லைவ் என்ற அடைவையும் தேடும். இந்த மூன்றையும் ஒரே வட்டில் வைத்தால் சண்டை இல்லை. உபுண்டுவையும் அதன் உடன்பிறப்பான குபுண்டுவையும் சேர்த்து வைத்தால் இரண்டும் காஸ்பருக்குப் போய் நிற்கும். ஒன்றின் அடைவுக்கு வேறு பெயர் வைத்து, ஏற்றியின் பட்டியில் அந்தப் பாதையைச் சொல்லிவிட வேண்டும். இதை மறந்தவர்கள் குபுண்டுவைத் தேர்ந்தாலும் உபுண்டுவின் திரையைப் பார்த்து முழிப்பார்கள்.

'லைவ்' இருக்கிறதே, அதற்குத் தமிழ் இன்னும் சரியாக அமையவில்லை. நேரடி வட்டு என்றால் கிரிக்கெட் ஒளிபரப்பு மாதிரி இருக்கிறது. உயிர்வட்டு அசட்டுத்தனம். நிகழ்வட்டு பரவாயில்லை. என் ஓட்டு 'நிறுவா வட்டு'க்கு. அதன் தனிச்சிறப்பே நிறுவாமல் ஓடுவதுதான். ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் 2000இல் வெளியிட்ட நாப்பிக்ஸ்தான் இவ்வகை வட்டைப் பரவலாக்கியது. சுருக்கிய கோப்பு முறைமையால் ஏறக்குறைய 2 ஜிபி மென்பொருளை 700 எம்பி சிடிக்குள் அடைத்தது.

இந்தக் கதையில் தென்னாப்பிரிக்காவின் பங்கு பெரிது. உபுண்டு என்பதே எங்கள் அக்கம்பக்கத்தார் பேசும் சூலு, சோசா மொழிகளின் சொல், மனிதம் என்ற பொருளில். வெல்காமில் பிறந்த மார்க் ஷட்டில்வர்த் 2004 அக்டோபரில் அதை வெளியிட்டார். முதலில் நிறுவும் வட்டு வேறு, நிறுவா வட்டு வேறு. 2006இன் 6.06 பதிப்பில் இரண்டும் ஒன்றாயின. 2011 வரை சிடிகளை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். இணையம் விலை கூடவும் வேகம் குறையவும் இருந்த அந்த நாட்களில் ஷட்டில்வர்த் அறக்கட்டளை ஃப்ரீடம் டோஸ்டர் என்ற பெட்டிகளை நாட்டின் பல இடங்களில் வைத்தது. வெற்று வட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் லினக்ஸைச் சுட்டுத் தரும். சிடியில் எழுதுவதை 'சுடுவது' என்கிற வழக்கில் பிறந்த பெயர் அது, ரொட்டி கிடைக்காது.

இப்போது பயாஸுக்குப் பதிலாக யுஇஎஃப்ஐ உள்ள கணினிகள் வந்த பிறகு, யாரும் சீண்டாமல் கிடந்த அந்த இரண்டாம் பதிவுக்கு வேலை வந்திருக்கிறது: முதல் பதிவு பழைய பயாஸுக்கு, அடுத்தது யுஇஎஃப்ஐக்கு. அதற்குள் வட்டு ஓட்டும் மடிக்கணினிகள் அரிதாகிவிட்டன. வென்டாய் போன்ற கருவியை ஒரு பென்டிரைவில் போட்டு, வட்டுகளின் முழு நகல்களான ஐஎஸ்ஓ கோப்புகளை அப்படியே நகலெடுத்து வைத்தால் பட்டி தானே வந்துவிடுகிறது, அடைவுச் சண்டையும் இல்லை. அதைப் பல்தொடக்கப் பென்டிரைவ் என்று சொல்லிக்கொள்ளலாம்.