ஸ்லைடின் வாலை யார் பார்ப்பது?

போன ஐப்பசியில், மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், தங்கச்சிமடத்திலிருந்து ஒரு ரத்த டியூப் எங்கள் லேபுக்கு வந்தது. முப்பது வயதுக்குள்தான் இருக்கும் அந்த ஆளுக்கு. விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். இரண்டு நாளாகக் காய்ச்சல். ரத்த அணுக்களை எண்ணும் செல் கவுண்டரில் போட்டதும், ரத்தம் உறைய உதவும் தட்டணு 38 ஆயிரம் என்று வந்தது. ஒன்றரை லட்சத்துக்குக் கீழே போனாலே டாக்டர்கள் புருவத்தைத் தூக்குவார்கள். அதுவும் டெங்கு சீசனில் கேட்கவே வேண்டாம்.

எங்களிடம் இப்போது தானியங்கி மைக்ராஸ்கோப் ஒன்றும் இருக்கிறது. எண் குறைவாக வந்ததால் என் ஜூனியர் கண்ணாடி ஸ்லைடில் ரத்தத்துளியை மெல்லிசாக இழுத்து, அதாவது ஸ்மியர் போட்டு, சாயம் ஏற்றி, அதற்குள் வைத்தாள். சில நிமிடத்தில் திரையில் படங்களும் கணக்கும் வந்தன. தட்டணு குறைவு என்றே அதுவும் சொன்னது. "ரெண்டும் ஒத்து வருதுக்கா, ரிப்போர்ட் போட்டுரவா?" என்றாள். வெளியே அவருடைய அண்ணன் மதுரைக்குக் கார் பேசிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

ரிப்போர்ட்டில் இரண்டு விஷயம் இடித்தது. ஒன்று, ஈறில் ரத்தம், உடம்பில் சிவப்புப் புள்ளி என்று ஆளிடம் எந்த அடையாளமும் இல்லை. இன்னொன்று, துகள்களின் அளவை வைத்துச் செல் கவுண்டர் வரைந்த கோட்டில், தட்டணு முடியும் இடத்தில் வால் மாதிரி ஒரு தூக்கல். ஸ்லைடை எடுத்து, ஓரத்தில் உறை போட்டுக் கிடந்த பழைய மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். முதலில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். ஸ்மியருக்குத் தலை, உடம்பு, வால் என்று மூன்று பகுதி உண்டு. ரத்தத்துளி வைத்த இடம் தலை, இழுத்து முடிந்து மெலிந்து போகும் இடம் வால். நேராக வாலுக்குப் போனேன். குருணையை அள்ளிக் கொட்டியது போல, ஊதா நிறத்தில் தட்டணுக்கள் கட்டி கட்டியாக ஒட்டிக் கிடந்தன. ஒரு கட்டியில் மட்டும் முப்பது நாற்பது தேறும்.

ஆளுக்குத் தட்டணு குறையவில்லை. டியூபுக்குள் அவை கட்டிப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

ரத்தம் எடுக்கும் ஊதா மூடி டியூபில் ஈடிடிஏ என்ற உப்பு இருக்கும். ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. சிலருடைய ரத்தத்தில் உள்ள எதிர்ப்புரதம், ஈடிடிஏ இருந்தால் மட்டும் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். ஆயிரத்தில் ஒருவருக்கு இப்படி என்பது தோராயக் கணக்கு. உடம்புக்குள் ஒரு கோளாறும் இருக்காது. செல் கவுண்டர் ஒவ்வொரு துகளையும் அளவை வைத்துத்தான் எண்ணுகிறது. கட்டியை அது தட்டணுவாக எடுத்துக்கொள்ளாது. சில சமயம் வெள்ளையணு என்று தப்பாக எண்ணும். நீல மூடி சிட்ரேட் டியூபில் மறுபடி ரத்தம் எடுத்தோம். அந்த டியூபில் மருந்து திரவமாக இருப்பதால் ரத்தம் பத்தில் ஒரு பங்கு நீர்த்துவிடும். வந்த எண்ணை 1.1-ஆல் பெருக்கினால் 1 லட்சத்து 90 ஆயிரம். கார் திரும்பிப் போனது. அட்வான்ஸ் போனது போனதுதான்.

ஜூனியரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு இயந்திரம் ஒரே பதிலைச் சொன்னால் யாருக்கும் நம்பிக்கை வரத்தான் செய்யும். ஆனால் அங்கே சாட்சி இரண்டு இல்லை. இரண்டும் பார்த்தது ஒரே டியூப் ரத்தத்தை. போதாக்குறைக்கு, எங்கள் தானியங்கி மைக்ராஸ்கோப் ஸ்லைடு முழுவதையும் பார்ப்பதில்லை. செல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஒற்றை அடுக்காகப் பரவியிருக்கும் இடத்தைத் தேடிப்பிடித்து, அங்கேதான் படம் எடுக்கிறது. வெள்ளையணுவை வகை பிரிக்க அதுதான் சரியான இடம். கட்டிகளோ கனமாக இருப்பதால் இழுக்கும்போதே தள்ளிக்கொண்டு போய் வாலில் ஒதுங்கிவிடும்.

இதைப் படித்துவிட்டு, தட்டணு குறைந்தால் எல்லாம் இயந்திரக் கோளாறு என்று யாரும் வீட்டில் இருந்துவிட வேண்டாம். டெங்குவில் நிஜமாகவே குறையும், வேகமாகவும் குறையும். கட்டியா இல்லையா என்று ஸ்லைடைப் பார்த்துச் சொல்லப் பத்து நிமிடம் போதும். அதைக் கேட்டு வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

நான் இயந்திரத்துக்கு எதிரி இல்லை. அதை வாங்க வேண்டும் என்று முதலாளியிடம் நச்சரித்தவளே நான்தான். காரணம் ஒரு பழைய கதை. பாம்பனிலிருந்து ஒரு பையன், குளிர்காய்ச்சல். ராமேஸ்வரம் தீவில் மலேரியா புதிதல்ல. சவுக்கு நாற்றங்காலுக்குத் தண்ணீர் மொள்ளத் தோண்டும் குழிகளில் மலேரியாக் கொசு வளர்வதை ஆராய்ச்சியாளர்கள் முன்பே எழுதியிருக்கிறார்கள். தடித்த ஸ்மியரில் குறைந்தது 100 புலம் (லென்ஸில் ஒரு தடவைக்குத் தெரியும் வட்டம்தான் ஒரு புலம்) பார்த்த பிறகுதான் 'இல்லை' என்று எழுத வேண்டும். அன்றைக்கு அது என் நாற்பதாவது ஸ்லைடோ என்னவோ. கண் எரிந்தது. ஐம்பது, அறுபது புலத்தோடு நிறுத்திக்கொண்டு 'இல்லை' என்று எழுதினேன். மூன்றாம் நாள் பையன் நடுங்கிக்கொண்டே திரும்பி வந்தான். புது ஸ்லைடில் வைவாக்ஸ் என்ற மலேரியாக் கிருமி தெளிவாகத் தெரிந்தது. பழைய ஸ்லைடைத் தேடியெடுத்து முழுசாகப் பார்த்தேன். எழுபது தாண்டி ஒரே ஒரு மோதிர வடிவம், அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. பையன் மருந்து சாப்பிட்டுத் தேறிவிட்டான். எனக்குத்தான் பல நாள் சோறு இறங்கவில்லை.

இயந்திரத்துக்குக் கண் எரியாது. நூறாவது புலத்தையும் முதல் புலம் போலவே பார்க்கும். மோட்டார் வைத்த தட்டு ஸ்லைடைத் துளித்துளியாக நகர்த்தும், ஒவ்வொரு இடத்திலும் லென்ஸ் மேலும் கீழும் நகர்ந்து, எந்த உயரத்தில் படம் கூர்மையோ அதைப் பிடித்துக்கொள்ளும், கேமரா சுடும், மென்பொருள் வெள்ளையணுவை வெட்டியெடுத்து இது நியூட்ரோபில், இது லிம்போசைட் என்று வரிசையில் அடுக்கும். நமக்குப் பெரிய லாபம், படம் பத்திரமாக இருப்பது. மதுரையில் இருக்கும் ரத்தநோய் டாக்டரிடம் ஸ்லைடை பஸ்ஸில் கொடுத்தனுப்பிய காலம் போய், அவர் தன் மேஜையிலிருந்தே பார்க்கிறார். முழு ஸ்லைடையும் படமாக்கித் திரையில் பார்த்தே திசு நோயறிதல் செய்யலாம் என்று அமெரிக்காவில் மருந்துக்கும் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ. முதன்முதலில் அனுமதித்தது 2017 ஏப்ரலில். நம் பக்கத்திலேயே பெங்களூரில் 2015-ல் தொடங்கிய சிக்டபுள் நிறுவனம் ரத்தத்தையும் சிறுநீரையும் பார்க்கும் கருவிகளைச் செய்கிறது.

கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியரில் இந்த வேலை இன்னும் முந்தியது. 2003-ல் அனுமதி பெற்ற ஒரு முறையில், கருவி ஸ்லைடு முழுவதையும் அலசி 22 இடங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும். மனிதர் அந்த 22 இடத்தைப் பார்ப்பார். ஒன்றில் சந்தேகம் வந்தாலும் முழு ஸ்லைடையும் அவர் பார்த்தாக வேண்டும். எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான். எது இயந்திரத்தின் பங்கு, எது மனிதரின் பங்கு என்று முதலிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். எங்களைப் போன்ற சின்ன லேபுகளில் அந்தக் கோடு யாரும் போடாமல் கிடக்கிறது.

இனி நம் ஊர்ப் பிரச்சினை. கருவி விற்க வருகிறவர்கள் குளுகுளு அறையில் டெமோ காட்டுவார்கள். கடற்கரைக் காற்று என்ன செய்யும் என்பது அவர்கள் விலைப்பட்டியலில் இருக்காது. ரத்த ஸ்மியருக்கு ஏற்றும் லீஷ்மன் சாயம் மெத்தனாலில் கரைத்தது. மெத்தனாலுக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம். மூடியைத் திறந்தே வைத்தால் நம் காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துவிடும். அந்த மெத்தனாலில் ஸ்மியரைப் பதித்தால் சிவப்பணுக்களில் பூச்சி அரித்தது போல ஓட்டை ஓட்டையாகத் தெரியும். பழகிய கண் "தண்ணி வேலை" என்று ஒதுக்கிவிடும். சாயத் தூசியும், சிவப்பணு மேல் ஏறி உட்கார்ந்த ஒற்றைத் தட்டணுவும் இப்படித்தான் மலேரியா வேஷம் போடும். இயந்திரம் எந்த ஊர் ஸ்லைடுகளைப் பார்த்துப் பழகியது என்பதைப் பொறுத்துத்தான் அது ஏமாறுவதும் ஏமாறாததும். நாங்கள் இப்போது பெரிய பாட்டிலில் மெத்தனால் வாங்குவதில்லை. சின்னப் பாட்டில், எடுத்த கையோடு மூடி.

தண்ணீர் அடுத்த தலைவலி. ராமநாதபுரத்துப் போர்வெல் தண்ணீரில் ஸ்லைடைக் கழுவினால் எல்லாம் நீலம் பாய்ந்துவிடும். ஒருமுறை ஸ்லைடு கழுவும் பஃபர் கரைசல் தீர்ந்துபோய், அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீரில் கழுவியதில், இயந்திரம் அன்றைக்கு வந்த செல்களில் பாதியை 'அடையாளம் தெரியவில்லை' என்று ஒதுக்கியது. அது நேர்மையான பதில் என்பேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்லியிருந்தால்தான் ஆபத்து.

அப்புறம் லென்ஸ் பூஞ்சை. பழைய மைக்ராஸ்கோப் லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் சிலந்தி நூல் போலத் தெரியும். ராத்திரி பல்ப் எரியும் அலமாரியில் சிலிக்கா ஜெல் பையோடு வைத்துக் காப்பாற்றுவோம். தானியங்கிக் கருவியில் லென்ஸ் பெட்டிக்குள் இருக்கிறது, நம் கண்ணில் படாது. பகலெல்லாம் ஏசி, ராத்திரி நிறுத்தம், காலையில் கதவைத் திறந்ததும் உள்ளே ஈரம் படியும். படம் மெல்ல மெல்ல மங்கும், எண் மட்டும் வந்துகொண்டே இருக்கும். அதனால் திங்கள்கிழமைதோறும் ஒரே பழைய ஸ்லைடை வைத்துப் படம் எடுத்து, போன வாரத்துப் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். செலவு ஒன்றுமில்லை.

சிறுநீரிலும் இதே கதைதான். வெயிலும் உப்பளமும் உள்ள ஊர், கல்லடைப்புக்குப் பஞ்சமில்லை. தானியங்கிக் கருவி ஆக்ஸலேட் படிகத்தை அழகாகப் பிடிக்கும்; தபால் உறை மாதிரி இருக்கும், தப்பவே தப்பாது. ஆனால் அதன் இன்னொரு வகை உருண்டையாகவும் நீள்வட்டமாகவும் வரும். அதுவும் ஈஸ்டும் சிவப்பணுவும் ஒன்றுக்கொன்று ஜாடை. மேலும், ராமேஸ்வரத்தில் காலை ஆறு மணிக்குப் பிடித்த சிறுநீர் பத்து மணிக்கு எங்களிடம் வந்தால், அதற்குள் பாக்டீரியா பெருகி, செல் உடைந்து, வேறு ஏதோ ஆகியிருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டிய சாமான் அது.

லேபுக்கு வெளியிலும் இந்தக் கருவிகள் பரவிவிட்டன. கம்ப்யூட்டர் சில்லு செய்யும் தொழிற்சாலை, உலோகத்தின் மணியளவு பார்க்கும் இடம், ஊசிமருந்தில் துகள் எண்ணும் இடம் என்று பட்டியல் நீளும். அவை என் துறை இல்லை. ஆனால் கடல் நம்முடையது. 2019 செப்டம்பரில் மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியது நினைவிருக்கும். நாக்டிலூகா என்ற நுண்ணுயிரி பெருகியதால் வந்தது. மீனவர்கள் பூங்கோரை என்பார்கள். ஒரு மில்லி தண்ணீரை ஆயிரம் கட்டம் போட்ட கண்ணாடித் தட்டில் ஊற்றி, கட்டம் கட்டமாக மிதவையுயிரிகளை எண்ணுவதுதான் இதற்குப் பழைய வழி. இறால் பண்ணைக்காரர்களுக்கும் தெரிந்த வேலை. டெக்ஸாஸ் கடற்கரையில் போர்ட் அரான்சாஸில், கடல்நீரை உறிஞ்சி உறிஞ்சி ஒவ்வொரு செல்லையும் தானாகவே படம் பிடிக்கும் கருவி ஒன்றை வைத்திருந்தார்கள். 2008-ல் டைனோஃபைசிஸ் என்ற நச்சுப்பாசி கூடுவதை அது முன்கூட்டியே காட்டியதால், சிப்பி அறுவடையை நிறுத்தினார்கள். 1971 வரை மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகமாக இருந்த ஊர் நம் மண்டபம். அப்படி ஒரு கருவி இந்தக் கடலில் மிதக்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பில்லையே.

கருவி வாங்க நினைக்கும் சின்ன லேப்காரர்கள் விற்க வருகிறவரிடம் விலைக்கு முன்னால் கேட்க வேண்டியது: ஸ்லைடின் எந்தப் பகுதியைப் பார்க்கும், எதைப் பார்க்காது? உங்கள் சாயத்தில், உங்கள் தண்ணீரில் போட்ட ஐம்பது ஸ்லைடை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் கட்டிப்பட்ட தட்டணுவும் மலேரியாவும் இருக்கட்டும். தயங்கினால் புரிந்துகொள்ளலாம்.

நோயாளிகளுக்கு ஒன்று. உடம்பு நன்றாக இருக்கும்போது எண் மட்டும் பயமுறுத்தினால், அல்லது எண் நன்றாக இருந்து உடம்பு மோசமாக இருந்தால், "ஸ்லைடை யாராவது கண்ணால பாத்தீங்களா?" என்று கேளுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். கோபித்தால் அது எங்கள் கோளாறு. காய்ச்சலுக்கு மலேரியா மாத்திரையை விழுங்கிவிட்டு ரத்தம் கொடுக்க வராதீர்கள். முதலில் ரத்தம், அப்புறம் மாத்திரை.

தங்கச்சிமடத்துக்காரருக்கு அன்றைக்கே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தோம்: 'ஈடிடிஏ டியூபில் தட்டணு கட்டிப்படும். சிட்ரேட் டியூபில் எடுக்கவும்.' லேமினேட் பண்ணச் சொன்னேன். தை மாதம் சளிக்காய்ச்சலோடு வந்தபோது மீனவர் அடையாள அட்டைக்குப் பின்னாலிருந்து அதை எடுத்து நீட்டினார். லேமினேட் பண்ணவில்லை, ஓரமெல்லாம் உப்பு பூத்திருந்தது. ஜூனியர் வாங்கிப் படித்துவிட்டு, எடுத்த ஊதா மூடி டியூபை வைத்துவிட்டு நீல மூடியை எடுத்தாள்.