பழைய ஃபில்டர் மெத்தையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குச் சிங்கப்பூரின் சிராங்கூன் கார்டன்ஸிலிருந்து ஓர் அண்ணன் கூப்பிட்டார். முன்பின் பழக்கமில்லை. தேக்காவில் யாரோ என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். "தம்பி, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

கோய் எனும் ஜப்பானிய வண்ணக் கெண்டை மீன்களை வளர்க்கும் குளங்களைப் பராமரிப்பதுதான் என் தொழில். தண்ணீர் கலங்கியிருக்கிறது, பாசி பிடித்திருக்கிறது என்று யாராவது கூப்பிட்டால் நான் அவசரப்படுவதில்லை. பச்சைத் தண்ணீரில் மீன் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், நமக்குத்தான் பார்க்க முடியாது. புதுக்குளம், பளிங்குத் தண்ணீர், மீன் மட்டும் மேலே வருகிறது என்றால் பசியாறாமலே கிளம்பிவிடுவேன்.

பின்கட்டில் அவருடைய பழைய குளம் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம். அதாவது 6 டன். எங்கள் வட்டாரத்தில் குளத்தை டன்னில்தான் சொல்வோம், ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன். பணி ஓய்வு பெற்ற கையோடு அதை இடித்து 18 டன்னாகக் கட்டியிருந்தார். கட்டுமான வேலையில் குறை சொல்ல முடியாது. கருங்கல் விளிம்பு, அருவி, தண்ணீருக்கடியில் விளக்கு என்று எல்லாம் இருந்தன. 14 மீன்களில் 3 ஏற்கெனவே பக்கவாட்டில் சாய்ந்திருந்தன.

சோதித்துப் பார்த்தேன். அம்மோனியா லிட்டருக்கு 1 மில்லிகிராம், அமில-கார அளவான பிஎச் 9. நான் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, பழைய ஃபில்டர்ல இருந்த மெத்தையெல்லாம் எங்கே?"

"அதுவா? ஒரே நாத்தம். வேலை செஞ்ச பசங்க இடிச்ச கல்லோட சேத்து அள்ளிப் போட்டுட்டாங்க. எல்லாம் புதுசா வாங்கியாச்சு."

மீன்களைக் கொன்றது அந்த ஒரு வரிதான்.

மீன் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்று மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகி இன்னும் கொஞ்சம் சேர்க்கின்றன. ஃபில்டர் மெத்தையில் பழுப்பாகப் படிந்திருக்கும் நுண்ணுயிர்களில் ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் நஞ்சு. மூன்றாவதை அவ்வப்போது தண்ணீர் மாற்றிச் சமாளித்துக்கொள்ளலாம். புது மெத்தையில் இந்த உயிர்கள் தாமாக வந்து குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். எங்கள் வீட்டில் தயிர் தீர்ந்துபோனால் அம்மா பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணத்தைக் கொடுத்து அனுப்புவார், உறைமோர் வாங்கிவர. பால் எவ்வளவு நல்ல பாலாக இருந்தாலும் உறை ஊற்றாமல் தயிராகாது. அந்த நாற்றமடித்த மெத்தைதான் அண்ணன் வீட்டு உறைமோர். அதைத்தான் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

இதோடு சிமெண்டும் சேர்ந்துகொண்டது. புதுச் சிமெண்ட் பூச்சிலிருந்து சுண்ணாம்பு கசிந்து பிஎச்சை ஏற்றும். நம் குழாய்த் தண்ணீர் மென்நீர் என்பதால் எதிர்த்து நிற்கும் சக்தி அதற்குக் குறைவு, எளிதில் ஏறிவிடும். 30 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 இருக்கும்போது அம்மோனியாவில் நூறில் ஒரு பங்குகூட நச்சு வடிவத்தில் இருக்காது. பிஎச் 8 ஆனால் ஏழெட்டுப் பங்கு. 9 ஆனால் 40 பங்குக்கு மேல். பழைய குளத்தில் மீன் கண்டுகொள்ளாத அதே அளவு, புதுக்குளத்தில் செவுளை எரிக்கிறது. "ஒரு மில்லிகிராம்தானே" என்று அண்ணன் கேட்டபோது இந்தக் கணக்கைத்தான் சொன்னேன்.

அன்றைக்குச் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. கார் நிறுத்துமிடத்தில் கான்வாஸ் தொட்டி போட்டு, குழாய் நீரில் குளோரினை முறிக்கும் மருந்து கலந்து, மீன்களை மாற்றினோம். காற்றுப் பம்பு இரண்டு. தீனி அடியோடு நிறுத்தம். என் வீட்டுத் தொட்டியிலிருந்து பழைய மெத்தை கொண்டுவந்து போட்டேன். மொத்தம் 5 மீன் போனது. அதில் ஒன்று வெள்ளையில் சிவப்புத் திட்டுள்ள கொஹாகு, அவர் மகள் தொடக்கப்பள்ளி படிக்கும்போது வாங்கியது. அண்ணனின் மனைவி அதை மாமரத்தடியில் புதைக்கச் சொன்னார்.

சரி, எப்படிச் செய்திருக்க வேண்டும்?

இடிப்பதற்கு இரண்டு வாரம் முன்பே தற்காலிகத் தொட்டியைப் போடுங்கள். பெரிய மீன்கள் என்றால் 3 டன்னுக்குக் குறையக் கூடாது, மேலே வலை கட்டாயம் வேண்டும். புது இடத்தில் கோய் துள்ளும், காலையில் தரையில் கிடக்கும். பழைய ஃபில்டரில் இருக்கும் மெத்தை, பிரஷ், வளையம் எல்லாவற்றையும் குளத்துத் தண்ணீரிலேயே அலசி அப்படியே இந்தத் தொட்டியில் ஓட விடுங்கள். குழாய் நீரில் கழுவினால் நுண்ணுயிர்களை நீங்களே கொன்றது போல. மூட்டையாகக் கட்டி ஓரமாக வைத்தாலும் பிராணவாயு இல்லாமல் சில மணி நேரத்தில் சாகத் தொடங்கிவிடும். மாற்றுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே தீனியை நிறுத்திவிடுங்கள். வெறும் வயிற்று மீன் கழிவு குறைவாகப் போடும். வலையில் அள்ளித் தூக்காமல், வலையால் ஒதுக்கி, தண்ணீரோடு சேர்த்துத் துணித் தூளியில் எடுங்கள்.

அடுத்து கான்கிரீட். செலவு குறையும் என்று பழைய குளத்தின் ஒரு சுவரை மட்டும் உடைத்துப் புதிதாக நீட்டிக் கட்டலாமா என்று அநேகமாக எல்லாரும் கேட்கிறார்கள். பழைய கான்கிரீட்டும் புதிய கான்கிரீட்டும் ஒன்றாக ஒட்டாது. அந்த இணைப்பில் இன்றில்லாவிட்டாலும் நாளை கசியும், 18 டன் எடை இரண்டு பகுதியையும் ஒரே அளவாக அழுத்தாது. என் பேச்சைக் கேட்டால் முழுக்க இடித்து ஒரே வார்ப்பாகக் கட்டுங்கள். முடியாதென்றால் உள்ளே முழுவதும் ஃபைபர்கிளாஸ் பூச்சோ ரப்பர் லைனரோ போடுங்கள். வெறும் சிமெண்ட் பூச்சோடு விடுவதாக இருந்தால் 28 நாள் இறுகவிட்டு, தண்ணீர் நிரப்பி, ஊறவைத்து, கொட்டி, மறுபடி நிரப்பி, பிஎச் ஏறாமல் நிற்கும்வரை பொறுக்க வேண்டும். மேற்பூச்சு செய்தால் சுண்ணாம்பும் உள்ளே அடைபடும், வேலையும் சுருங்கும்.

குளத்தைப் பெரிதாக்குகிறவர்கள் ஃபில்டரை மறந்துவிடுகிறார்கள். கருங்கல்லுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியை அதற்குக் கொடுத்தால் என் போன்றவர்களுக்கு வேலையே இருக்காது. ஃபில்டர் அறைகள் குளத்தின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்காவது இருக்கட்டும். 18 டன் என்றால் மூன்றரை டன். தரையின் நடுவில் 4 அங்குல வடிகுழாய், கழிவு தானாகவே முதல் அறைக்குப் போய்ப் படியும்படி. தண்ணீர் முழுவதும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைச் சுற்றி வர வேண்டும். இதிலெல்லாம் ஜப்பானிய அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜப்பானின் நீகாத்தா மலைப்பகுதியில் குளிர் வந்துவிட்டால் கோய் தீனியை விட்டுவிட்டு மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்கும், ஃபில்டருக்கும் ஓய்வு. இங்கே பன்னிரண்டு மாதமும் தின்கிறது. அது மட்டுமல்ல, 10 டிகிரி நீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் பிராணவாயு கரையும், நம் 30 டிகிரியில் ஏழரைக்கு மேல் கரையாது. அதனால்தான் காற்றுப் பம்பில் கஞ்சத்தனம் வேண்டாம் என்கிறேன். மின்சாரம் போனால் ஓட ஒரு பேட்டரிப் பம்பும் இருக்கட்டும்.

இப்போது தண்ணீர் நிரப்புவது. முதல்முறை நிரப்பும்போது வீட்டுத் தண்ணீர் மீட்டரில் தொடக்க எண்ணையும் முடிந்த எண்ணையும் எழுதி வையுங்கள். மீட்டர் கன மீட்டரில் ஓடுவதால் குளம் எத்தனை டன் என்று அப்போதே தெரிந்துவிடும். ஒப்பந்தக்காரர் சொல்லும் 18, மீட்டரில் 15 ஆக இருக்கும். பின்னால் மருந்தோ உப்போ போடும்போது இந்த வித்தியாசம் மீனின் உயிர்.

சிங்கப்பூர்க் குழாய் நீரில் கிருமி நீக்கத்துக்குக் குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் இருக்கிறது. ஊரில் தொட்டி மீன் வளர்த்தவர்கள், "ஒரு ராத்திரி பிடித்து வைத்தால் குளோரின் போய்விடும்" என்பார்கள். குளோரினுக்கு அது சரி, குளோரமின் அப்படிப் போகாது. சாதாரண குளோரின் நீக்கியான தயோசல்பேட் அதிலிருக்கும் குளோரினை நீக்கும், ஆனால் அம்மோனியாவைத் தண்ணீரிலேயே விட்டுவிடும். முதிர்ந்த ஃபில்டர் அதைத் தின்றுவிடும், புதுக்குளத்தில் தின்ன ஆளில்லை. எனவே அம்மோனியாவையும் கட்டிப்போடும் மருந்தாகப் பார்த்து வாங்குங்கள்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம், ஒரு வாடிக்கையாளர் குளத்தில் ஹோஸைப் போட்டுவிட்டு எதிரே தேநீர் குடிக்கப் போனேன். பேச்சு நீண்டுவிட்டது. திரும்பி வந்தபோது குளம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, மருந்து கலக்காத குழாய் நீரால் மறுநாள் 8 மீன் செத்துக் கிடந்தன. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, நான் ஓராண்டு தவணையில் பணம் கட்டினேன். இன்றைக்கும் கோய் சாவதில் முதல் காரணமாக நான் பார்ப்பது நோயல்ல, மூட மறந்த குழாய். என் ஆட்களுக்கு ஒரே விதி: ஹோஸ் ஓடும்வரை கார்ச் சாவி குழாயில் தொங்க வேண்டும்.

புதுக்குளத்தில் முதல் ஆறு வாரம் தினமும் அம்மோனியா, நைட்ரைட், பிஎச் மூன்றையும் பாருங்கள். சோதனைப் பெட்டி சில பத்து வெள்ளிதான். தீனி பழைய அளவில் கால் பங்கு. நைட்ரைட் ஏறினால் ஒரு டன்னுக்கு ஒரு கிலோ கல்லுப்பு கரைத்து விடுங்கள், உப்பிலிருக்கும் குளோரைடு நைட்ரைட்டைச் செவுளுக்குள் விடாது. இடம்தான் பெரிதாகிவிட்டதே என்று புதுமீன் வாங்கப் பாசிர் ரிஸுக்கோ சுங்கை தெங்காவுக்கோ கிளம்பாதீர்கள். ஆறு வாரம் கழித்து வாங்குங்கள், வாங்கினாலும் மூன்று நாலு வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். குளம் நன்றாக ஓடத் தொடங்கிய பிறகு நேர்மாறான சிக்கலும் வரும். நுண்ணுயிர்கள் வேலை செய்யச் செய்யத் தண்ணீரின் காரத்தன்மை கரைந்து, டிசம்பர் மழையும் சேர்ந்துகொண்டால் பிஎச் ஒரே இரவில் சரியும். ஃபில்டரில் ஒரு பை பவளக்கல் போட்டு வைத்தால் தாங்கும்.

மற்றவை சுருக்கமாக. தோண்டிய குழியில் மழை நின்றால் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரம் போதும். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி வந்து பார்க்கும்போது "வேலை நடக்கிறது" என்பது பதிலாகாது. பல தரைவீடுகளின் பின்கட்டில் பொதுக் கழிவுநீர்க் குழாய் ஓடுகிறது, தோண்டுமுன் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டித் தோண்டுவதாக இருந்தால் பொறியாளர் இல்லாமல் கடப்பாரையைத் தொடவே வேண்டாம். ஃபில்டர் கழுவிய உப்புத் தண்ணீரை மழைநீர் வடிகாலில் விடாதீர்கள், அது நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. வேண்டாத மீனை நீர்த்தேக்கத்தில் விடுவதும் குற்றம். 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடு என்றால், மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்று உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்துப் பார்த்துவிடுங்கள். தண்ணீருக்குள் பம்பு, அதே தண்ணீரில் நம் கை.

நீர்நாயைச் சொல்லாமல் சிங்கப்பூரில் குளத்தைப் பற்றி எழுத முடியாது. 1970களில் இங்கிருந்து மறைந்து, 1990களின் கடைசியில் திரும்பி வந்தவை, இப்போது வடிகால் வழியாகத் தெருவுக்குள்ளேயே வருகின்றன. வந்தால் பசிக்கு ஒன்று என்று நிறுத்தாது. விடிகாலையில் நாலைந்து மீன்தலைகளை மட்டும் விட்டுப் போன குளத்தை நான் பார்த்திருக்கிறேன். சட்டப் பாதுகாப்பு உள்ள விலங்கு, துன்புறுத்தக் கூடாது. துன்புறுத்தத் தோன்றவும் தோன்றாது, குடும்பமாக வரும்போது அவ்வளவு அழகு. வடிகால் துளைக்குக் கம்பி வலை, வாசல் கதவுக்கு அடியில் இடைவெளி இல்லாமல் ஒரு தகடு. தலை நுழைந்தால் உடம்பு நுழைந்துவிடும் என்று வைத்துக்கொண்டு அளந்து பாருங்கள்.

சிராங்கூன் கார்டன்ஸ் அண்ணன் அதன்பின் தினமும் மாலை ஆறு மணிக்கு எனக்கு மூன்று எண்களை அனுப்பினார். நாற்பத்தோராம் நாள் நைட்ரைட் சுழி. அன்றைக்குத்தான் மிச்சமிருந்த 9 மீனுக்கும் வயிறு நிறையத் தீனி போட்டார். இப்போது அவருடைய ஃபில்டரின் கடைசி அறையில் தேவைக்கு மேல் நாலு மெத்தை எப்போதும் மிதந்துகொண்டிருக்கும். வெளிமீன் எதையும் அவர் சேர்க்கவில்லை, மீன்களும் நோயில்லாமல் இருக்கின்றன என்பதால், போன மாதம் குளம் இடித்துக் கட்டிய இன்னொரு வீட்டுக்கு அந்த மெத்தைகளில் இரண்டை வாங்கிக்கொண்டு போனேன். குளத்துத் தண்ணீர் நிறைந்த வாளியில், சின்னக் காற்றுப் பம்பு குமிழிவிட, காரின் பின்சீட்டில் வைத்துத்தான். கார் இன்னும் நாறுகிறது.